புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் பிறகு மனசு: வராந்தாவில் கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2018-ல் எனக்குப் புற்று வந்து, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். 2021-ல் பி.எஸ்.ஏ. (இந்தப் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) மறுபடி ஏறியதால் 33 தவணை ரேடியேஷன், கூடவே ஆறு மாதம் ஹார்மோன் ஊசி. எங்கள் பக்கம் ரேடியேஷனை 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். ஆயுசு முழுக்கக் கரண்டோடு வாழ்ந்தவனுக்குக் கடைசியில் கரண்டே வைத்தியம் என்று வீட்டில் கிண்டல்.

இப்போது வியாழக்கிழமைதோறும், எனக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவு வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். புதிதாக வருபவர்களை நர்ஸ் என்னிடம் அனுப்பிவைப்பார். யாரும் மனசைப் பற்றிக் கேட்க வந்ததாகச் சொல்லமாட்டார்கள். மூத்திரத்தில் ஆரம்பிப்பார்கள். பேசி முடித்துக் கிளம்பி, ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடும்போதுதான் உண்மையான கேள்வி வரும். அப்படி வந்தவற்றை, கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே எழுதியிருக்கிறேன். மருந்து விஷயத்தில் மட்டும் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

கட்டி போயிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வீட்ல எல்லாரும் சந்தோசமா இருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கு?

2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது எங்களைக் கடலூருக்கு அனுப்பினார்கள். மழையிலும் சேற்றிலும் கம்பம் நட்ட நாட்களில் ஒருத்தருக்கும் தலைவலிகூட வரவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட்டோம். சிகிச்சையும் அப்படித்தான். ஸ்கேன், ரத்தம், டியூப், தையல் பிரிப்பது என்று தினம் ஒரு வேலை இருக்கும்வரை பயப்பட நேரமிருக்காது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, அடுத்த டெஸ்டுக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் பயம் வந்து பக்கத்தில் உட்காரும்.

இது நன்றிகெட்டதனமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. நிறையப் பேருக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனசு இருண்டே கிடந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. எங்கே போவது என்று பின்னால் சொல்கிறேன்.

தூக்கமே இல்லண்ணே. மூத்திரத்துக்கு எந்திரிக்கிறேனா, மனசு எழுப்பி விடுதான்னு தெரியலை.

எனக்கும் தெரியவில்லை. அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில், ஒழுகும் மூத்திரத்துக்கு வைக்கும் பேட் அன்று எத்தனை நனைந்தது. இரண்டாவதில் ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு, எழுந்தபோது உண்மையிலேயே மூத்திரம் வந்ததா. மூன்றாவதில் மனசுக்கு ஒரு நம்பர்: ஒன்றுமில்லை என்றால் 0, தாங்க முடியவில்லை என்றால் 10. இது என் கண்டுபிடிப்பு இல்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் தெர்மாமீட்டர் படம் போட்டு இதே கேள்வியைக் கேட்பார்கள். 4-ஓ அதற்கு மேலோ வந்தால் ஆள் வைத்து விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

முதல் மாத நோட்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மூன்று மணிக்கு எழுந்த நாட்களில் பாதிக்கு மேல் மூத்திரமே வரவில்லை. டாக்டரிடம் 'தூக்கமில்லை' என்றால் 'வயசாச்சில்லையா' என்பார். நோட்டைக் காட்டியதும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டார். பேடை எண்ணும் நம்மாட்கள் மனசை எண்ணமாட்டார்கள். எண்ணுங்கள்.

இருமினா, தும்மினா, பேரனைத் தூக்கினா ஒழுகுது. அதனால ஒரு விசேசத்துக்கும் போறதில்லை.

ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் இது நன்றாகக் குறையும். மூத்திர டியூபை எடுத்த பிறகு இடுப்படித் தசைப் பயிற்சியை ஆரம்பிக்கலாம். டியூப் இருக்கும்போது கூடாது. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து, ஐந்து எண்ணும்வரை விடுங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை எக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சரிபார்த்தால் நல்லது, பலர் தப்பான தசையைத்தான் இறுக்குகிறார்கள். ஒரு வருஷம் கழித்தும் ஒழுகினால் அதற்கும் ஆபரேஷன் இருக்கிறது. விதி என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

விசேஷத்துக்குப் போகாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. முதலில் மூத்திரத்துக்குப் பயந்து கல்யாணம் நிற்கும், அப்புறம் டீக்கடை நிற்கும், அப்புறம் வாசல்கூட நிற்கும். நான் செய்தது இதுதான். வேட்டிக்குள் இறுக்கமான ஜட்டி போட்டால்தான் பேட் நகராது. கறுப்புப் பையில் மாற்று பேட் இரண்டு, மாற்று ஜட்டி ஒன்று. மண்டபத்தில் நுழைந்ததும் முதல் வேலை கழிவறையைப் பார்த்து வைப்பது. முதல் தடவை முகூர்த்தத்துக்கு மட்டும் போய், மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினேன். மூன்றாவது கல்யாணத்தில் இரண்டாவது பாயசம் கேட்டு வாங்கினேன். தண்ணீரைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மூத்திரம் கெட்டியாகி எரிச்சல் கூடும். டீ, காபியைக் குறைக்கலாம்.

பி.எஸ்.ஏ. டெஸ்ட் வருதுன்னா ஒரு வாரம் முன்னாடியே வயித்தக் கலக்குது. அது என்ன நம்பர் வந்தா பயப்படணும்?

நம்பரை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பயம் அரைகுறைக் கணக்கில் வருவது. புரோஸ்டேட்டை முழுதாக எடுத்தவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் டெஸ்ட் எடுப்பார்கள். அது 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு எப்போதாவது 0.2-ஐத் தொட்டு, அடுத்த டெஸ்டிலும் அப்படியே இருந்தால்தான் 'திரும்பியிருக்கிறது' என்பார்கள். ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களுக்குக் கணக்கே வேறு. சுரப்பி உள்ளேதான் இருக்கிறது என்பதால் பூஜ்யத்துக்கு வராது. இறங்கிய குறைந்தபட்ச அளவிலிருந்து 2 கூடினால்தான் கவலை. நடுவில் முதல் இரண்டு மூன்று வருஷத்தில் சற்று ஏறித் தானாக இறங்குவதும் உண்டு. பக்கத்து பெட்காரர் நம்பரோடு உங்கள் நம்பரை ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீதிப் பயத்துக்கு என் வழி: எப்போதும் ஒரே லேப். ரத்தம் கொடுப்பதும் டாக்டரைப் பார்ப்பதும் முடிந்தவரை ஒரே நாள் அல்லது அடுத்த நாள். ரிசல்ட் என் போனுக்கு வராது, மகன் போனுக்குத்தான். ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பி.டி.எஃபை நான் தனியாகத் திறந்த கதை கீழே வருகிறது. டெஸ்ட் வாரத்தில் நோட்டின் மூன்றாவது கட்டத்தில் 6, 7 என்று வரும். டெஸ்ட் முடிந்து ஒரு வாரத்தில் இறங்கிவிட்டால் சரி. இறங்காவிட்டால் உதவி கேளுங்கள்.

ஊசி போட்டதுல இருந்து டிவி சீரியல் பாத்தாக்கூட அழுக வருது. கோவமும் வருது. நான் அப்படிப்பட்ட ஆளே இல்ல.

இது நீங்கள் இல்லை, ஊசி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனி, அதை நிறுத்தத்தான் அந்த ஊசி. அதே ஹார்மோன் மனநிலை, தூக்கம், தெம்பு, ஆசை எல்லாவற்றிலும் சம்பந்தப்பட்டது. அது போகும்போது அழுகை, எரிச்சல், மறதி, ஓயாத களைப்பு, எடை கூடுவது எல்லாம் வரலாம். முன்பு மனச்சோர்வு இருந்தவர்கள் ஊசிக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டாருக்கும் சொல்லுங்கள். "இது மருந்தோட வேலை, ஆறு மாசம் பொறுத்துக்கங்க" என்று நான் ஒரு நாள் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், அரைமணி நேரம் கழித்து வந்துதான் சொன்னேன். முதல் ஊசிக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். ஊசியை நிறுத்திய மறுநாளே சரியாகாது, ஹார்மோன் திரும்பிவரப் பல மாதம் ஆகும்.

திடீர் திடீர்னு நெஞ்சுல இருந்து தலை வரைக்கும் காந்துது, வேர்த்து ஊத்துது. இது ஹார்ட்டா?

ஊசி போட்டவர்களுக்கு இது சாதாரணம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது வருவது இதேதான். என் மனைவிதான் எனக்கு விளக்கிச் சொன்னாள், கொஞ்சம் சிரித்துக்கொண்டே. பருத்தி பனியன், வெதுவெதுப்பான குளியல், சூடான காபியும் காரமும் குறைவாக. வரும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது உதவும். ரொம்பத் தொந்தரவு என்றால் மாத்திரை உண்டு. நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் இந்தப் பதிலை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த விசயம்... இனிமே அவ்வளவுதானா?

செருப்பு மாட்டும்போது வரும் கேள்வி இதுதான். நாற்பத்தெட்டு வயதுக்காரரும் கேட்பார், எழுபத்தி மூன்றும் கேட்பார். கேட்பதில் வெட்கமில்லை.

விறைப்புக்கான நரம்புகள் புரோஸ்டேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிப் போகின்றன. அவற்றைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்தாலும் இழுபட்டுச் சோர்ந்துபோகும். திரும்ப 18 முதல் 24 மாதம்வரை ஆகலாம். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. ரேடியேஷனில் உடனே போகாது, மெதுவாகக் குறையும். மாத்திரை, வேக்குவம் பம்ப், உறுப்பில் போடும் ஊசி என்று படிப்படியாக வழி இருக்கிறது. சில்டெனாஃபில் வகை மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. உச்சம் வரும், விந்து வராது. அது கோளாறு இல்லை. ஹார்மோன் ஊசியில் இருப்பவர்களுக்கு ஆசையே குறையும், அது தனி விஷயம், மேலே சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மாதம் ஒருநாள் ரூம் போட்டு உட்காரும் 'ஆண்மை' வைத்தியர்களிடம் போகாதீர்கள். லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் சரக்கு இருந்தால் புற்றுக்கு நாமே தீனி போடுகிறோம்.

அவரு கட்டிலை ஹாலுக்கு மாத்திக்கிட்டாரு. எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதே இல்ல. நான் என்ன தப்புப் பண்ணேன்? (ஒரு அம்மா கேட்டது)

தாயே, நானும் மாற்றினேன். படுக்கை நனைந்துவிடும், உனக்கு வாடை அடிக்கும் என்று பயம். என் மனைவி, நான் அவளை வெறுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். எட்டு மாதம் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதோம். கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ரப்பர் ஷீட் வாங்கி விரிப்புக்கு அடியில் போட்டதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

"என்ன யோசனை?" என்று கேட்டால் ஆண்கள் "ஒண்ணுமில்லை" என்பார்கள். "ரப்பர் சீட்டு வாங்கிப் போட்டுட்டேன், உள்ள வந்து படுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த டாக்டர் சந்திப்புக்கு நீங்களும் உள்ளே போங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசும் கவுன்சலிங் உண்டு. உங்கள் தூக்கத்தையும் யாராவது விசாரிக்க வேண்டும். கூட இருப்பவருக்கும் இதே மனச்சோர்வு வரலாம்.

ஊசிக்குக் காசு தாங்காதுன்னு விதையவே எடுத்துட்டாங்க. இனி நான் ஆம்பளையா?

விதையை எடுத்தால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் 1941-ல் காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். இன்றைய ஊசிகள் செய்வதும் அதே வேலைதான், ஒரே தடவையில் முடியாமல் தவணையில். நோபல் பரிசு வாங்கிய வைத்தியத்தைச் செய்துகொண்டதற்கு ஏழைத்தனம் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

குரல் மாறாது. மீசை போகாது, உடம்பு முடி கொஞ்சம் குறையலாம். மேலுறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுத்திருந்தால் பார்வைக்குக்கூடப் பெரிதாகத் தெரியாது. யாருக்கெல்லாம் சொல்வது என்பது முழுக்க உங்கள் முடிவு. உங்கள் மனைவியையும் டாக்டரையும் தவிர யாருக்கும் இந்தத் தகவலில் உரிமை இல்லை.

ஆபரேசனுக்குப் பதிலா கரண்டு வச்சிருந்தா நல்லா இருந்திருக்குமோன்னு ராவும் பகலும் ஓடுது.

பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆபரேஷன், ஒரு பகுதிக்கு ரேடியேஷன், ஒரு பகுதிக்குக் கண்காணிப்பு மட்டும் என்று வைத்து 15 வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 100-க்குச் சுமார் 3 பேர்தான். எல்லாரும் புற்று சுரப்பிக்குள்ளேயே இருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டவர்கள். வெளியே பரவியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒழுகல் அதிகம், ரேடியேஷன் ஆனவர்களுக்கு மலக்குடல் தொந்தரவு அதிகம். எந்தப் பக்கம் போயிருந்தாலும் ஒரு பக்கம் முள்தான். உங்களுக்குச் சொல்லாமலே முடிவெடுத்தார்கள் என்ற கோபம் இருந்தால் அதை டாக்டரிடமே கேளுங்கள், உள்ளே வைத்து ஊறப்போடாதீர்கள்.

கொஞ்சம் போட்டா தூக்கம் வருது. தப்பா?

முன்னிரவு வரும். இரண்டு மணிக்கு எழுப்பிவிடும், மூத்திரமும் சேர்ந்து வரும், மறுநாள் மனசு இன்னும் கீழே போகும். நோட்டில் எழுதிப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

யோகா, தியானம் பண்ணா போதுமா?

பிடித்தால் செய்யுங்கள், நல்லதுதான். என் ஓட்டு நடைக்கு. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வியர்க்கும்படி, கூடவே இரண்டு நாள் எடை தூக்குவது. ஊசியின் களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் எலும்பு, தசை தேய்வதற்கும் உடற்பயிற்சி உதவும். நான் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத்தான் தூக்கினேன். எலும்பில் பரவியவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே எடை தூக்க வேண்டும்.

மகளுக்கு வரன் பாக்குறோம். கேன்சர்னு வெளிய தெரிஞ்சா? பிள்ளைகளுக்கும் வருமா?

தொற்று நோய் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம். ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் மகன்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 45 வயதில் பி.எஸ்.ஏ. பற்றி டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மகள்களுக்கும் அது முக்கியம்.

மனநல டாக்டர்ட்ட போனா பைத்தியம்னு சொல்லமாட்டாங்களா? போறதுன்னா எங்க போறது?

நான் போனேன். ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். இரண்டு வாரமாகத் தூக்கம், பசி, அக்கறை எப்படி என்று. மார்க் போட்டுவிட்டு, "மிதமான மனச்சோர்வு" என்றார் டாக்டர். பெயர் கிடைத்ததே நிம்மதியாக இருந்தது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனம்போல் சில இடங்களில் புற்றுநோயாளிகளுக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசுச் சேவை இது. இலவசம், தமிழில் பேசலாம், இருபத்தி நாலு மணி நேரமும் எடுப்பார்கள். இன்சூரன்ஸ் இருப்பவர்கள் கவனிக்க: 2017 மனநலச் சட்டப்படி உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும்.

அந்த மாத்திரை பழகிருமாமே? கேன்சர் மாத்திரையோட சேருமா?

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். நான் பத்தாம் நாளே 'பிரயோசனமில்லை' என்று நிறுத்தப் பார்த்தேன். போதைபோல் பழகுவது இல்லை, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்படி குறைக்க வேண்டும். பழகும் ஆபத்து சில தூக்க மாத்திரைகளில்தான். அவை கொஞ்ச நாளுக்கு மட்டும். சேருமா என்பது நியாயமான கேள்வி. ஹார்மோன் ஊசியோடு சில மனநல மாத்திரைகள் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளம் மாறலாம். எல்லா மருந்துச் சீட்டையும் ஒரே கவரில் போட்டு இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள்.

மறுபடி ஏறிருச்சுண்ணே. முதல் தடவைய விட இப்பத்தான் உடைஞ்சு போயிட்டேன்.

நான் சொன்ன அந்த பி.டி.எஃப் இதுதான். 0.31. ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் நடந்தேன். முதல் தடவை 'எடுத்துவிட்டால் சரி' என்ற நம்பிக்கை இருந்தது. இரண்டாவது தடவை அது இல்லை. காலையில் டாக்டர் சொன்னது: ஆபரேஷனுக்குப் பிறகு ஏறினால், குறைவாக இருக்கும்போதே ரேடியேஷன் வைத்தால் முழுதாகக் குணமாகும் வாய்ப்பு இன்னும் உண்டு. ராத்திரி மாடியில் எனக்கு அது தெரியாது. நம்பர் வந்தால், டாக்டரைப் பார்க்கும்வரை ஒருத்தரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்து என்ன செய்யப் போறேன்னு தோணுது. யாருக்கும் பாரமா இருக்க வேணாம்.

இப்படித் தோன்றினால் இன்றைக்கே ஒருத்தரிடம் சொல்லுங்கள். புற்று என்று தெரிந்த முதல் சில மாதங்களில் இந்த எண்ணம் வரும் ஆபத்து அதிகம். தோன்றுவது குற்றமில்லை. 14416, அல்லது அரசின் 104 மருத்துவ உதவி எண், அல்லது சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா 044-24640050. வழிமுறை யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால் தனியாக இருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டார் பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். "அப்படி ஏதும் நினைக்கிறீங்களா?" என்று நேரடியாகக் கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டதால் பேசியவர்களை இந்த பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன்.

எங்க வீட்டுக்காரரு இங்க வரவே மாட்டாரு. நீங்க பேசுவீங்களா?

வருவேன். நோய் பற்றி எதுவும் சொல்லி வைக்க வேண்டாம். "மின்வாரியத்துல இருந்தவரு, மீட்டர் பாக்க வர்றாரு" என்று சொல்லுங்கள், அதற்குத் தகுதி எனக்கு உண்டு. டீ குடிப்போம், மின்கட்டணத்தைத் திட்டுவோம். கிளம்பும்போது, "எனக்கு முதல் வாரம் நாளைக்கு ஆறு பேட் ஆச்சு, உங்களுக்கு எத்தனை?" என்று கேட்பேன். இதுவரை யாரும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.